ஆமாம், பன்றிக்கறிதான் சாப்பிட்டேன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

போன வாரம் 89ஆம் வருட பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அவர்கள் குரூப்பில் ஒரு போட்டோ போட்டான். அதில் நான் இரண்டு குச்சிகளைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் ஆவி படிந்து, ஒரு பெரிய கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கீழே அவன் "சாருடன் போர்க் ராமென்" என்று எழுதியிருந்தான். அந்தப் போட்டோ எப்படியோ நம் சொந்தக்காரர்கள் குரூப்புக்கும் வந்துவிட்டது. அன்று இரவுக்குள் ஏழு போன். என் சித்தப்பா மகன், "அண்ணே, அது ராமனா, ராமெனா, என்னமோ இருக்கட்டும். போர்க்குன்னா பன்னிதானே?" என்றான். பெரிய அத்தை நேரடியாகவே கேட்டார்: "வாத்தியாரே, நாம அதெல்லாம் தொடமாட்டமே?" ஏழு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஆமாம். பன்றிக்கறிதான். தெரிந்தேதான் சாப்பிட்டேன்.

மகள் வீட்டுக்குப் பெங்களூரு போயிருந்தேன். இந்த மாணவனும் அங்கேதான் இருக்கிறான். நம் ஊர் அரசு செராமிக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து, குஜராத் மோர்பியில் டைல்ஸ் கம்பெனிகளில் பல வருடம் வேலை பார்த்து, இப்போது பெங்களூரில் ஒரு டைல்ஸ் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறான். நான் வந்தது தெரிந்ததும், "சார், ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், வரணும்" என்றான். மசால் தோசை கடையாக இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

சாந்தி நகர் பக்கம், டபுள் ரோடு என்று சொல்கிற கே.எச். ரோட்டில் இருக்கிறது 'நாரு நூடுல் பார்'. குடகைச் சேர்ந்த கவன் குட்டப்பா என்ற சமையல் கலைஞர் நடத்துவது. கொரோனா காலத்தில் வீட்டிலேயே சேர்த்துச் செய்துகொள்ளும் ராமென் பெட்டிகளாக விற்க ஆரம்பித்து, 2022இல் கடையாகத் திறந்தார்கள். நினைத்த நேரத்தில் போய் உட்கார முடியாது. வாரத்தில் ஒரு நாள் குறிப்பிட்ட நேரத்தில் ஆன்லைன் முன்பதிவு திறக்கும், சில நிமிடங்களில் இடமெல்லாம் தீர்ந்துவிடும். எங்கள் இருவருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தது அவனுடைய மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண். தட்கால் டிக்கெட் எடுப்பதுபோல போனை வைத்துக்கொண்டு தயாராக இருந்தாளாம். அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

சமையல் நடக்கிற மேடைக்கு எதிரே வரிசையாக நாற்காலி. நம் ஊர் பரோட்டா கடையில் கல்லுக்கு எதிரே உட்கார்ந்து மாஸ்டர் வீசுவதைப் பார்ப்போமே, அதே சுகம்தான். சத்தம் மட்டும் குறைவு. என் பக்கத்தில் இருபத்தைந்து வயதுக்குள் ஒரு ஜோடி. கிண்ணம் வந்ததும் சாப்பிடாமல் நாலு பக்கமும் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஆறிப்போகிறதே என்று எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.

"சார், நீங்க சாப்டலன்னாலும் பரவால்ல. கோழியில செஞ்சது, காய்கறியில செஞ்சதுன்னு எல்லாம் இருக்கு" என்றான் மாணவன். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, மெனு அட்டையைப் பார்த்தான்.

"நீ என்னடா சாப்பிடுவ?"

"நான் பன்னிதான் சார்."

"அப்ப எனக்கும் அதையே சொல்லு."

இந்த ராமென் என்பது என்ன என்று கேட்கிறவர்களுக்காக, வாத்தியார் புத்தி போகாததால், கொஞ்சம் பாடம். இது சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன கோதுமை நூடுல்ஸ். தோக்கியோவின் அசகுசா பகுதியில் 1910இல் யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை வரவழைத்துத் திறந்த 'ராய்ராய்கென்' என்ற கடையைத்தான் முதல் ராமென் கடை என்று சொல்வார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் இரண்டு நிமிட நூடுல்ஸுக்கும் மூலம் இதுதான். மோமோஃபுகு ஆண்டோ என்பவர் 1958இல் ராமெனை எண்ணெயில் பொரித்து உலர்த்தி, வெந்நீர் ஊற்றினால் போதும் என்று ஆக்கினார்.

கிண்ணத்தின் அடியில் முதலில் உப்பும் சோயாவும் கலந்த கெட்டிச் சாறு ஊற்றுகிறார்கள். அதன்மேல் எலும்பு வேகவைத்த கொதிசாறு. பன்றி எலும்பில் செய்வதை தொன்கொட்சு என்கிறார்கள். கியூஷு தீவில் குருமே என்ற ஊரில் பிறந்தது. எலும்பை மெல்லிய தீயில் அல்ல, கொதிக்கக் கொதிக்க பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைப்பார்கள். மஜ்ஜையும் கொழுப்பும் தண்ணீரோடு கலந்து பால் மாதிரி வெளுத்துவிடும். நம் ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி முழுக்க அடுப்பில் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. நூடுல்ஸில் ஒரு விசேஷம் உண்டு. மாவு பிசையும் தண்ணீரில் காரத்தன்மையுள்ள உப்பு சேர்ப்பார்கள். அதனால்தான் அந்த மஞ்சள் சாயலும், பல்லுக்கு எதிர்க்கிற இழுவையும். நம் அப்பளக்காரம் இருக்கிறதே, அதே குடும்பம்தான். அப்பளம் இடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

சுவை எப்படி என்று கேட்டால், முட்டைதான் முதல் பரிசு. வெள்ளை வெந்து, மஞ்சள் கரு கெட்டித் தேன் பதத்தில் நின்று, சோயாவில் ஊறியிருந்தது. கறித்துண்டு வாயில் வைத்ததும் கரைந்தது. ஆட்டுக்கறியின் நெடியும் இல்லை, பிராய்லர் கோழியின் சப்பென்ற தன்மையும் இல்லை. சாறு நாக்குக்குக் கொஞ்சம் உப்பாகப்பட்டது. என் வயசுக்கும் பிரஷருக்கும் அது அதிகம், கடைக்காரர் தப்பில்லை. கொஞ்சம் மிளகு இடித்துப் போட்டால் தேவாமிர்தம் என்று தோன்றியது, கேட்கவில்லை. உறிஞ்சிச் சாப்பிட்டால்தான் ஜப்பானில் மரியாதையாம். முப்பத்து மூன்று வருடம் சத்துணவு வராந்தாவில் "சத்தம் போடாம சாப்பிடுங்கடா" என்று அதட்டியவன் சர்ர்ரென்று உறிஞ்சியதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில் வயசு முப்பத்தைந்து குறைந்துபோனது. வாரக்கணக்கில் காத்திருந்து சாப்பிடும் அளவுக்கா என்று கேட்டால், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆனால் நல்ல சாப்பாடு. அதில் சந்தேகமில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவன் ஒரு காரியம் செய்தான். காலிக் கிண்ணத்தைத் தூக்கி, நகத்தால் விளிம்பில் ஒரு தட்டு தட்டி, காதருகே வைத்துக் கேட்டான். பிறகு கவிழ்த்து, அடிவளையத்தை விரலால் தடவினான். "நல்லா வெந்திருக்கு சார்." பக்கத்து ஜோடி அவனை விநோதமாகப் பார்த்தது. எனக்கு விநோதமாக இல்லை. விருத்தாசலத்துப் பிள்ளை எந்த ஊரில் டீ குடித்தாலும் கப்பைக் கவிழ்த்துப் பார்க்கத்தான் செய்யும். செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும், கொலு பொம்மையும், ஃப்யூஸ் கேரியரும் சூளையிலிருந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஜப்பானில் ராமென் கிண்ணங்களில் பெரும்பகுதி கிஃபு மாகாணத்தில் மினோ என்ற பகுதியிலிருந்து வருகிறது, தோகி, தாஜிமி என்று வரிசையாகப் பீங்கான் ஊர்கள் என்று அவன்தான் சொன்னான். "நம்ம ஊரு மாதிரியே சார், களிமண்ண வச்சுதான் ஊரே. அவங்க கிண்ணத்த உலகம் பூரா அனுப்புறாங்க, நாம கார்த்திகைக்கு அகல் அனுப்புறோம்."

அதற்குப் பிறகு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாளு வீட்டுலேர்ந்து டப்பா எடுத்துட்டு வந்தேன்" என்று ஆரம்பித்தான்.

அவன் வீட்டில் பன்றி வளர்த்தார்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அவன் யார் என்று தெரிய வேண்டியதில்லை. பெயர் போடலாம் சார் என்று அவன் சொன்னான், நான்தான் போடவில்லை. எட்டாவது அவன் வேறு பள்ளியில் படித்தான். பத்தாவதுக்குத்தான் என்னிடம் வந்தான். அந்த டப்பா விஷயம் அன்று அந்த மேடை முன்னால்தான் எனக்கு முதல்முதலாகத் தெரியும். தினமும் சத்துணவு சாப்பிடுகிறவன், ஒரு திங்கட்கிழமை, முதல் நாள் அம்மா வைத்த குழம்பு மிச்சம் இருந்ததால் சோறும் குழம்புமாகக் கொண்டுபோயிருக்கிறான். திறந்ததும் பக்கத்துப் பையன் மோந்து பார்த்துக் கத்தியிருக்கிறான். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். ஒருவன் தன் தண்ணீர் டம்ளரை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினான். மறுநாளிலிருந்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர். எட்டாவதும் ஒன்பதாவதும் அந்தப் பெயரோடுதான் போயின.

"கொழம்ப கீழ கொட்ட மனசு வரல சார். அம்மா கஷ்டப்பட்டு வச்சது. மூடி எடுத்துட்டுப் போய் சாயந்தரம் ஆத்தங்கரையில உக்காந்து சாப்ட்டேன்."

மணிமுத்தாற்றங்கரையில் எந்த இடம் என்று கேட்டேன். சொன்னான். எனக்கு அந்த இடம் தெரியும்.

அவனை டிப்ளமோவில் சேர்த்தபோது முதல் வருடக் கட்டணத்துக்கு அம்மா பன்றிகளை விற்றுத்தான் பணம் கட்டினார். அதையும் அன்றுதான் சொன்னான். சுற்றிலும் ஆட்கள் அதே கறியை முன்பதிவு செய்து, படம் எடுத்து, பெருமையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. குடகில் பன்றிக்கறி இல்லாமல் கல்யாணமே இல்லை. கச்சம்புளி ஊற்றிச் செய்த பந்திக்கறியும் கடம்புட்டு என்கிற அரிசி உருண்டையும்தான் விருந்து. அந்த மண்ணிலிருந்து வந்தவர் பன்றிக்கறியை மறைக்க என்ன இருக்கிறது? மறைக்க வேண்டியிருந்தது என் மாணவனுக்குத்தான்.

வீட்டுக்கு வந்து ஜப்பான் சரித்திரத்தை மறுபடி புரட்டினேன். மெய்ஜி மறுமலர்ச்சியைப் பல வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ரயில் வந்தது, ராணுவம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது என்று நடத்துவோம். சாப்பாட்டைப் பாடத்தில் யாரும் வைப்பதில்லை. கி.பி. 675இல் தென்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்ணத் தடை போட்டார். பௌத்தச் செல்வாக்கில் அந்த விலக்கம் பரவி, நாலு கால் பிராணிக் கறி என்றாலே தீட்டு என்றானது. ஆனால் ஆசை விடுமா? காட்டுப்பன்றிக் கறிக்கு 'மலைத் திமிங்கிலம்' என்று பெயர் வைத்தார்கள். திமிங்கிலத்தை மீன் கணக்கில் சேர்த்திருந்தார்கள், மீனுக்குத் தடையில்லை. ஹிரோஷிகே என்ற புகழ்பெற்ற ஓவியர் 1858இல் பனி பெய்யும் எடோ தெரு ஒன்றை வரைந்திருக்கிறார், அதில் மலைத் திமிங்கிலம் என்று எழுதிய கடைப் பலகை பெரிதாகத் தெரியும். 1872இல் மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று செய்தி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு கறி சாப்பிடுவது நாகரிகம் ஆகிவிட்டது.

கறிக்கு விமோசனம் கிடைத்துவிட்டது. கறி வெட்டுகிறவர்களுக்கு? தோலும் இறைச்சியும் பார்த்த மக்களைத் தனிக் குடியிருப்பில் தள்ளிவைத்திருந்தது அந்த நாடு. 1871இல் அரசாணை போட்டு அந்தப் பிரிவினையைச் சட்டத்தில் எடுத்தார்கள். மனசில் எடுக்கவில்லை. 1922இல் அவர்களே சுய்ஹெய்ஷா என்று சங்கம் கண்டு போராட வேண்டியிருந்தது. தோக்கியோவின் ஷிபௌரா இறைச்சிச் சந்தையில் வேலை பார்க்கிறவர்களுக்கு நம் காலத்திலும் வசைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்த வேலையைப் பற்றிய இழிவுப் பேச்சை மாற்றுவதற்கென்றே அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருக்கிறார்கள். கடை வாசலில் ராமெனுக்கு வரிசை நிற்கிற ஊர்தான் அதுவும்.

"நாம அதெல்லாம் தொடமாட்டமே" என்று கேட்ட அத்தைக்கு ஒரு சேதி. நாம் என்றால் யார், எந்தக் காலத்து நாம்? பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு நூல். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதில் கள் காய்ச்சும் வீட்டில் பாணர்களுக்கு என்ன விருந்து கிடைக்கும் என்று வருகிறது. பெட்டைகளோடு சேரவிடாமல், நெல்மா ஊட்டி, பல நாள் குழியில் நிறுத்தி வளர்த்த ஆண் பன்றியின் கொழுத்த கறி. இன்றைக்குப் பெரிய ஓட்டல்களில் பன்றிக்கு என்ன தீனி போட்டோம் என்று பெருமையாக எழுதி வைக்கிறார்களே, அதை நம் புலவர் எப்போதோ செய்துவிட்டார். அப்புறம் கண்ணப்பர். காளத்தியில் திண்ணன் வாயில் பதம் பார்த்துச் சிவனுக்கு வைத்தது பன்றிக்கறி. அவரை நாயன்மாராக்கி அறுபத்துமூவரில் வைத்துக் கும்பிடுகிறோம். திருவிளையாடலில் தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவன் தானே தாய்ப் பன்றியாகி வந்து பால் கொடுக்கிறார். பக்கத்து ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகரைச் சேவித்துவிட்டு வராத குடும்பம் நம் சொந்தத்தில் உண்டா? சாமி பன்றியாக இருந்தால் கைகூப்பலாம், பையன் டப்பாவில் இருந்தால் டம்ளரைக் கழுவ வேண்டும்.

"அது அசுத்தம் தின்னுமே மாமா" என்று மருமகன் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, நியாயமாகவே பதில் சொல்கிறேன். பன்றி நாடாப்புழு உண்மைதான். அரைவேக்காட்டுக் கறியில் வரும். நன்றாக வெந்தால் வராது. ஆனால் மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பு வரவைக்கிறதே, அது கறியிலிருந்து வருவதில்லை. அந்தப் புழுவின் முட்டை மனித மலத்தில் இருக்கிறது. அது தண்ணீரிலும் கழுவாத காயிலும் ஏறி வயிற்றுக்குள் போகும்போது வருகிறது. கறியே தொடாதவருக்கும் வரும். ஆக, அசுத்தத்தைத் திறந்த வெளியில் போட்டது நாம். பன்றி அதைத் தின்றது. பழி பன்றிக்கும் அதை மேய்த்தவருக்கும். ஒழுங்காகக் கொட்டகையில் தீனி போட்டு வளர்த்த பன்றிக்கும் மாட்டுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை.

பிடிக்காதவர்கள் சாப்பிட வேண்டாம். மதத்தால் விலக்கியவர்கள் உண்டு, என் இஸ்லாமிய மாணவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் விலக்கு வேறு, அதில் எனக்கு மரியாதை உண்டு. என் வீட்டுக்காரம்மாவும் தொடமாட்டாள். நான் திரும்பி வந்ததும், "முதல்ல பல்லத் தேச்சிட்டு வாங்க" என்றுதான் வரவேற்பு. தேய்த்தேன். நான் கேட்பது டம்ளர் கழுவினவர்களைப் பற்றி.

இப்போது அந்தப் பெண்ணின் விஷயம். இடம் பிடித்துக் கொடுத்த ஒன்பதாம் வகுப்புக்காரி. அவளுக்குப் பன்றிக்கறி ராமென் என்றால் உயிராம். பள்ளியில் தோழிகளிடம் பெருமையாகச் சொல்வாளாம். தாத்தா பாட்டி ஊரில் என்ன செய்தார்கள் என்று கேட்டதற்கு "விவசாயம்" என்று இவன் சொல்லி வைத்திருக்கிறான். பாட்டியிடமும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாவும் பேத்தி போன் செய்யும்போதெல்லாம் நெல் நட்டதாகவும் கடலை பிடுங்கியதாகவும் கதை சொல்கிறாராம்.

வெளியே வந்து கார் வரும்வரை நின்றுகொண்டிருந்தோம். "சொல்லலாமா சார்?" என்றான். "அவ ஒன்னும் நெனைக்க மாட்டா. ஆனா அவ ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிடுவா. அங்கயும் ஒரு பேரு வச்சிட்டா?"

ஐம்பது வயது ஆள், கூடவே நூறு பேரை வேலை வாங்குகிறவன், எட்டாம் வகுப்புப் பையன் குரலில் கேட்டான். வைக்கமாட்டார்கள் என்று என்னால் உத்தரவாதம் கொடுக்க முடியவில்லை. பெங்களூரு வேறு ஊர்தான், பிள்ளைகளும் வேறு பிள்ளைகள்தான், ஆனால் ஊர் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. "உங்கம்மா எத்தன நாளைக்குடா நாத்து நட்டேன்னு பொய் சொல்லும்? அதுக்கு வயசாகுது. அதுவே பேத்திகிட்ட சொல்லட்டும், நீ பக்கத்துல உக்காரு" என்றேன். தலையாட்டினான். கார் வந்துவிட்டது.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறான். கரிநாள் அன்று அவன் வீட்டில் மதியச் சாப்பாடு, அம்மா கையால். என்னையும் கூப்பிட்டிருக்கிறான், போகிறேன். அன்றைக்கு நம் வீட்டில் கூடுகிறவர்கள் எனக்காக இலை போட்டுக் காத்திருக்க வேண்டாம். மாசியில் குலதெய்வப் பூசைக்கு "அதைத் தின்றவர் முன்வரிசையில் நிற்கலாமா" என்று ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. பின்வரிசையில் நிற்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. பொங்கல் பானை வைக்கும் செலவில் என் பங்கை மட்டும் வழக்கம்போல வாங்கிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் அவனுக்கு அனுப்பினேன். எதை எடுக்க வேண்டுமோ எடுத்துவிடு என்றேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று ராத்திரி போன் செய்தான். எதையும் எடுக்க வேண்டாமாம். ஒன்று மட்டும் சேர்க்கச் சொன்னான். அம்மா பன்றிகளை விற்றார் என்று பொதுவாக எழுதியிருக்கிறேனாம், எண்ணிக்கையும் போட வேண்டுமாம்.

மூன்று.